பூச்சியம் என்று பொறித்த பொடி

உடல் வளர்க்க விரும்பும் இளைஞர் நாடோறும் நீரிற் கலக்கிப் பருகும் அமினோ அமிலப் பொடிக்குக் கலோரி உண்டோ, இல்லையோ என்னும் வினா தமிழ் பயிலும் மாணவர்க்கு உரியதன்று எனச் சிலர் நகைக்கக்கூடும். வேதியியல் பயிலும் நண்பர் ஒருவர் நகைத்தே விட்டார். ஆயினும் அவ்வினா அவரை நாடிச் செல்லாது எம்மிடமே வந்தது. வந்த வழியைப் பின்னர்க் கூறுவோம். முதற்கண் பொருளை ஆராய்வோம்.

கலோரி என்பது வெப்பத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்ததோர் அளவைப் பெயர். உண்ட உணவு உடலினுள் எத்துணை வெப்பம் தரும் என்பதை அட்வாட்டர் என்னும் அமெரிக்க அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆளையே ஓர் அறையினுள் இருத்தி அளந்து கண்டார். ஒரு கிராம் புரதத்திற்கு 4, மாவுப்பொருளுக்கு 4, கொழுப்பிற்கு 9 என்னும் அவர் வழிக் கணக்கே இன்றும் வழங்குகின்றது. புரதத்தைக் கருவியில் இட்டு முற்றும் எரிப்பின் ஐந்துக்கு மேலும் கிடைக்கும். உடலோ அதன்கண் உள்ள நைட்ரஜனை எரியாமல் யூரியாவாக்கிச் சிறுநீரிற் கழித்துவிடுதலின் ஏறக்குறைய நான்கே எஞ்சும்.

இனி, புரதத்தைச் சொல் எனக் கொள்வோமாயின் அமினோ அமிலம் எழுத்தாகும். அவ்வெழுத்துகள் இருபது. அவற்றுள் ஒன்பதை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவினின்றே பெறல் வேண்டும். கடைகளில் மிகுதியாக விற்கும் பொடியிலோ இவ்வொன்பதனுள் மூன்றே உள்ளன: லியூசின், ஐசோலியூசின், வாலின். சொல்லைப் பிரித்து எழுத்தாக்கிய அளவில் அதன் ஒலி அழிந்துவிடுமோ? தனித்து நிற்கும் மெய்க்கும் அரை மாத்திரை உண்டென்றன்றோ நம் இலக்கணம் கூறுகின்றது! அங்ஙனமே தனித்து நிற்கும் அமினோ அமிலத்திற்கும் தனக்குரிய வெப்பம் உண்டு. இம்மூன்றும் கல்லீரலுக்குக் காத்திராமல் பெரும்பாலும் தசையிலேயே சிதையத் தொடங்கும். முற்றும் எரியுங்கால் கிராமுக்கு நான்கிற்குக் குறையாத கலோரியைத் தரும்.

அற்றாயின் டப்பாவின்மேல் பூச்சியம் என்று பொறித்திருப்பது யாது கருதி? அமெரிக்க நாட்டு விதிகளுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. தனி அமினோ அமிலங்களே அடங்கிய பண்டத்தின் சீட்டில் புரதம் என்று அளவு குறித்தல் ஆகாது என்பது ஒன்று. ஒரு வேளைக்குரிய அளவில் 5 கலோரிக்குக் குறைந்திருப்பின் பூச்சியம் என்றே எழுதலாம் என்பது மற்றொன்று. முன்னது நன்னோக்குடையதே, மலிந்த அமிலத்தை முழுப் புரதமென விற்பாரைத் தடுப்பது. ஆயினும் புரதக் கட்டம் வெறிதாகவே கலோரிக் கட்டமும் வெறிதாயிற்று என்பர். சட்டத்தின் சொல்லுக்கு ஒத்தது உடம்பின் கணக்குக்கு ஒவ்வாது போயிற்று. அத்தகைய சீட்டு ஒட்டிய டப்பாவை எம்மூரிலும் கண்டோம்.

எம்மூர் திருவேற்காடு. கூவம் ஆற்றின் கரையது. சூதாடி வென்ற பொருள்கொண்டு அடியார்க்கு அமுதளித்த மூர்க்க நாயனார் பிறந்த தலம். இன்று கருமாரியம்மன் கோயிலாற் பெயர் விளங்குவது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தம்பி ஒருவன் எம் தெருவில் உளன். ஆடி வெள்ளிகளில் பகல் முழுதும் உண்ணாதிருப்பான். மாலையில் உடற்பயிற்சிக்கூடம் சென்று இப்பொடி கலந்த சிவந்த நீரைப் பருகுவான். அவன் அன்னையாரை யாம் சித்தி என்று அழைப்பது வழக்கம். அவர் ஒரு நாள் எம்மை வாயிலில் நிறுத்தி, “தம்பி, நீ படிக்கிற பிள்ளை. அதைக் குடித்தால் விரதம் நிற்குமா? ஒன்றுமில்லாத தண்ணீர் என்கிறான் இவன்” என்றார். “அண்ணா, பூச்சியம் என்று போட்டிருக்கிறதே, பாருங்கள்” என்று அவனும் டப்பாவைக் கொணர்ந்து நீட்டினான். லெந்து நாட்களில் எம் வீட்டிலும் உபவாசம் உண்டாதலின் அவ்வம்மையாரின் கவலை எமக்கு அயலதாகத் தோன்றவில்லை.

சீட்டைப் படித்தோம். ஒரு கரண்டி 10 கிராம். அதில் மூன்று அமிலங்களும் சேர்ந்து 7 கிராம். எஞ்சியவை புளிப்பும் நிறமும் மணமுமே. ஏழை நான்காற் பெருக்க 28 வரும். சிறிய இட்லி ஒன்றற்கும் குறைவு. உண்டு என்பதே விடை. ஆனால் உடல் பருக்கும் அளவன்று. விரதத்தைக் கலோரி கொண்டு அளத்தல் எமக்கு ஒப்பன்று. “சித்தி, அது உணவுதான். விரதத்தன்று வெறுந் தண்ணீர் போதும்” என்ற அளவில் நிறுத்தினோம்.

எமக்கு வருத்தம் தந்தது வேறொன்று. மற்றை நாட்களிலும் அவன் காலையுணவை விடுத்து இப்பொடியையே பருகி வந்தான். கொழுப்பேறாமல் தசை மட்டும் வளரும் என்பது அவன் எண்ணம். வேலையிடத்தில் இருமுறை தலைசுற்றி அமர்ந்ததனை அன்னையாரிடம் மறைத்திருந்தான். மூன்றெழுத்தை எத்துணை முறை எழுதினும் அவை முழுச்சொல் ஆகுமோ? லியூசின் தசையைக் கட்டுமாறு ஏவும் என்பது உண்மை. ஏவினும் கட்டுதற்கு ஏனைய எழுத்துகளும் வேண்டுமன்றோ! உணவில் அவை வாராவிடின் உள்ள தசையைச் சிதைத்தே உடல் அவற்றைப் பெறும். வளர்க்க வாங்கிய பொருளே வீணாதல் இவ்வாறு.

நம் நாட்டு உணவாராய்ச்சி தமிழ்நாட்டு மலையிலேயே தோன்றியது என்பதைப் பலர் அறியார். 1918இல் குன்னூரில் மக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. அது 2020இல் வகுத்தபடி, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் அமையும். 60 கிலோ எடையுள்ள இத்தம்பிக்கு 50 கிராம். உடலைத் திரட்டப் புரதப் பொடிகளை நாட வேண்டா என 2024இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் அறிவுறுத்தியுள்ளது.

டப்பாவின் விலை 1,300 ரூபாய், கரண்டிகள் 25. ஆகவே ஒரு கரண்டி 52 ரூபாய். அவ்விலைக்கு முட்டை ஏழு வாங்கலாம். ஒன்றற்கு 6 கிராமாக 42 கிராம் புரதம், ஒன்பதெழுத்தும் குறைவறக் கிடைக்கும். முட்டை விலக்கிய நாட்களுக்குக் கொண்டைக்கடலை உண்டு. 100 கிராமில் 20 கிராம் அளவு புரதம். இவற்றைத் தாளில் எழுதிக் காட்டியபோது, “கடலை தின்றால் ஜிம்மில் என்னை யார் அண்ணா மதிப்பார்கள்?” என்றான் தம்பி. அதற்கு விடை வேதியியல் நண்பரிடமும் இல்லை.

எஞ்சிய பொடியைக் காலைச் சிற்றுண்டிக்குப் பின்னரே கலக்குவது என்று உடன்பட்டான். சித்தி அன்றிரவே கடலையை ஊற வைத்தார்.