சிவந்த பாதங்களின் நகரம்

நுழையும்முன்

ஓர் ஊருக்குப் புதிதாக வருபவர் அவ்வூரின் வானளாவிய கட்டடங்களைத் தேடுவதில்லை. கடைத்தெருவையும் பேருந்து நிறுத்தத்தையும் மருத்துவமனையையுமே முதலில் தேடுகிறார். அவை அவரை எவ்வாறு ஏற்கின்றன என்பதைக்கொண்டே ஊரின் உள்ளத்தை அளந்துவிடலாம். பிரேசில் நாட்டின் நடுத்தர நகரமொன்றின் அன்றாட வாழ்வை அறிமுகப்படுத்துகிறது இக்கட்டுரை.

காடு நகரான கதை

தென் பிரேசிலின் பரானா மாநிலத்து வடபகுதியில் அமைந்திருக்கிறது லொண்ட்ரினா. 2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி அங்கு ஏறத்தாழ 5.5 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். இது தோன்றி இன்னும் நூறாண்டு நிறையவில்லை. 1929இல் பிரித்தானிய முதலீட்டில் இயங்கிய நில நிறுவனமொன்று, இங்கிருந்த அடர்காட்டு நிலத்தைச் சிறு துண்டுகளாகத் தவணை முறையில் விற்கத் தொடங்கியது. இலண்டன் மாநகரின் நினைவாகவே லொண்ட்ரினா என்னும் பெயர் அமைந்தது. 1934இல் அது தனி நகராட்சியாயிற்று. இத்தாலியர், ஜப்பானியர், ஜெர்மானியர், பிரேசிலின் பிற மாநிலத்தார் எனப் பலரும் வந்து குடியேறினர்.

அந்நிலம் அதற்கு முன்பு ஆளற்றுக் கிடந்ததன்று. அது கைங்காங் என்னும் தொல்குடியினரின் வாழ்நிலம். இன்று நகருக்குத் தெற்கே ஒதுக்கப்பட்ட நிலத்தில் வாழும் அவர்கள், தாம் முடைந்த கூடைகளை விற்பதற்கு நகரத் தெருக்களுக்கு வருகின்றனர். அவர்களைத் தவிர, அந்நகரில் வாழும் ஏனைய அனைவரும் ஒருகாலத்தில் புதியவராய் வந்தவரே, அல்லது அவ்வாறு வந்தவரின் வழித்தோன்றல்களே.

எரிமலைக் குழம்புப் பாறை சிதைந்து உருவான அந்த மண் கருஞ்சிவப்பு நிறமுடையது, வளம் மிக்கது. காலணியில் ஒட்டினால் எளிதில் போகாது. அதனால் அப்பகுதி மக்களுக்குச் 'சிவந்த பாதத்தார்' என்னும் பெயர் ஏற்பட்டது. கேலியாய் ஒலித்த அப்பெயரை இன்று அவர்களே பெருமையுடன் சொல்லிக்கொள்கின்றனர்.

ஒரே இரவில் மாறிய வாழ்வு

அம்மண்ணில் காப்பி செழித்தது. உலகக் காப்பித் தலைநகர் என்று லொண்ட்ரினா புகழப்பட்டது. ஆனால், 1975 ஜூலை 18 அன்று பெய்த கடும் உறைபனியில் வட பரானாவின் காப்பித் தோட்டங்கள் கருகின. அதன்பின் நிலவுடைமையாளர் பலர் சோயாவுக்கும் கோதுமைக்கும் மாறினர். இயந்திரங்கள் விளைவித்த அப்பயிர்களுக்கு வேலையாட்கள் அதிகம் தேவைப்படவில்லை. பிழைப்பிழந்த தொழிலாளர் நகர விளிம்புகளில் குடிசையிட்டனர். ஏரிக்கரையின் அடுக்குமாடிகளுக்கும் விளிம்புப் பகுதிகளுக்கும் இடையே இன்றும் காணப்படும் வேறுபாட்டிற்கு இவ்வரலாறும் ஒரு காரணமாகும்.

அன்றாடம்

காலையில் தெருமுனை அடுமனையில் வெண்ணெய் தடவிய சுடுரொட்டியும் பாலிட்ட காப்பியும் கிடைக்கும். நண்பகல் உணவில் சோறும் குழைய வெந்த அவரையும் தவறா. தட்டில் வேண்டியதை எடுத்து, நிறுத்து, எடைக்கேற்பப் பணம் செலுத்தும் உணவகங்கள் பல உள்ளன. உணவின் பெயர் தெரியாத புதியவருக்கு அவை பெருந்துணை. கண்ணால் கண்டதை எடுத்துக்கொண்டால் போதும்.

வாரத்தில் குறித்த நாள்களில் சில தெருக்கள் சந்தைகளாகின்றன. மரவள்ளிக்கிழங்கும் கொய்யாவும் பப்பாளியும் அங்கே குவிந்திருக்கும். ஜப்பானியக் குடியேறிகளால் பரவியதாகக் கருதப்படும் 'பஸ்தெல்' என்னும் பொரித்த பண்டத்தையும் கரும்புச் சாற்றையும் சேர்த்து உண்பது சந்தை வழக்கம். மாலையில் மக்கள் இகபோ ஏரிக்கரையில் நடக்கின்றனர். ஓர் ஓடையைத் தடுத்து 1959இல் உருவாக்கப்பட்ட ஏரி அது. கட்டடக்கலைஞர் விலநோவா ஆர்த்திகாஸ் வடிவமைத்த பழைய பேருந்து நிலையம் இன்று கலைக்கூடமாக விளங்குகிறது.

உரிமையாய்க் கிடைப்பவை

1988ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம், உடல்நலம் அனைவருக்கும் உரியது, அதைக் காப்பது அரசின் கடமை என்று வகுத்தது. அதன்வழி உருவான பொது மருத்துவ அமைப்பை மக்கள் 'சூஸ்' என்று சுருக்கமாய் அழைக்கின்றனர். குடியிருப்பை ஒட்டிய நலவாழ்வு நிலையத்தில் வெளிநாட்டவரும் கட்டணமின்றி மருத்துவம் பெறலாம். சிறப்பு மருத்துவரைக் காண நெடுநாள் காத்திருக்க நேர்வதும் உண்டு. வசதியுடையோர் தனியார் காப்பீட்டை நாடுகின்றனர். எனினும், கையில் காசில்லை என்பதற்காக வாயில் அடைக்கப்படுவதில்லை என்னும் கொள்கை எளிதானதன்று. 65 வயது கடந்தோருக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. லொண்ட்ரினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. நுழைவுப் போட்டியோ கடுமையானது.

புதியவரை முதலில் திணறச் செய்வது வரிப்பதிவு எண். வங்கிக் கணக்குக்கும் அலைபேசி இணைப்புக்கும் அது வேண்டும். மருந்துக்கடையிலும் அதைக் கேட்பர். அந்த எண் பெற்றபின் பல கதவுகள் திறக்கின்றன.

மொழி என்னும் சாவி

ஆயினும், முதன்மையான சாவி போர்த்துகீசிய மொழியே. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் சந்தையில் ஊமையாகிவிடுவார். தமிழர் ஒருவர் அங்கே சென்றால் அவருக்குச் சிறு வியப்பு காத்திருக்கும். மேசை அங்கே 'மெசா', சன்னல் 'ஜனெலா', சாவி 'ஷாவே'. போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்து, வந்த சுவடே தெரியாமல் நம் வீட்டுக்குள் குடியேறிவிட்ட சொற்கள் இவை.

> தெரிந்து தெளிவோம்
> முந்திரி பிரேசிலைத் தாயகமாகக் கொண்டது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதனை இந்தியாவிற்குக் கொண்டுவந்தனர். நாம் பெரிதும் பருப்பைப் போற்றுகிறோம். பிரேசில் மக்கள் அதன் பழச்சாற்றையும் விரும்பிப் பருகுகின்றனர்.

சொல்லும் மரமும் போலவே மனிதரும் இடம்பெயர்கின்றனர். ஏற்கும் மண் இருந்தால் வேரூன்றுகின்றனர். அண்டை வீட்டார் சொல்லும் காலை வணக்கத்திற்கு மறுமொழி கூறவும், சந்தையில் பழத்தின் விலை கேட்கவும், பேருந்தில் முதியவருக்கு இடம்விடவும் பழகும் நாளில் புதியவர் அவ்வூராராகத் தொடங்குகிறார். அந்தச் செம்மண், தன்மீது நடப்பவர் எந்த நாட்டவர் என்று கேட்பதில்லை. எல்லாப் பாதங்களையும் ஒன்றுபோலவே சிவக்கச் செய்கிறது. மண்ணுக்கு இருக்கும் இந்தப் பண்பு மனிதர் அமைக்கும் நகரங்களுக்கும் வாய்க்க வேண்டும்.