மூன்று தரம் சொன்ன பிறகு



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலைக்குப் போட்டோகொப்பி மெஷின் வாங்கக் காசு தந்தவர்கள் எல்லோரும் எங்களைக் கண்ட இடத்தில் "மெஷின் எங்க சேர்?" என்று கேட்கிறீர்கள். கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்வது எங்கள் கடமை. நீங்கள் தந்த காசு ஒரு சதமும் குறையாமல் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் இருக்கிறது. மெஷின் மட்டும் இன்னும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் எழுதுகிறோம்.

தவணைப் பரீட்சை வந்தால் எங்கள் பாடு உங்களுக்குத் தெரியும். வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு ரவுணில் உள்ள கொமியூனிகேஷனுக்கு ஓடவேண்டும். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று அவர்கள் சொல்லும் விலை, கடைசியில் உங்கள் பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணமாக உங்கள் தலையில்தான் விழுகிறது. கட்ட முடியாத பிள்ளை அந்தக் கிழமை பாடசாலைக்கு வராமலே நின்றுவிடுகிறது. அதனால்தான் பழைய மாணவர்களும் பெற்றோரும் சேர்ந்து காசு போட்டீர்கள். கடலுக்குப் போய்வந்த அன்றைய கூலியை அப்படியே தந்த வாப்பாமாரும் அதில் இருக்கிறார்கள்.

புது மெஷின் விலைக்கு நாங்கள் கிட்டவும் போக முடியவில்லை. பாவித்த அலுவலகச் சாமான்களை ஏலம் விடும் இணையக் குழு ஒன்றை எங்களில் இளையவர் ஒருவர் கண்டுபிடித்தார். சாமானின் படம் போடுவார்கள். விரும்பியவர்கள் கீழே விலை எழுதவேண்டும். இரவு பத்து மணிக்கு ஏலம் முடியும். அப்போது மேலே நிற்கும் விலைக்குச் சாமான் சொந்தம்.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு ஒரு வீட்டில் ஆறு பேர் கூடி ஒரே போனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கொழும்பில் யாரோ ஒருவர் எங்களை விடவே இல்லை. நாங்கள் ஐந்நூறு கூட்ட, அவரும் ஐந்நூறு கூட்டினார். பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்க 118,500 ரூபா போட்டோம். பத்து அடித்தது. "விற்றாயிற்று, வாழ்த்துகள்" என்று விற்றவரே எங்கள் விலைக்குக் கீழே எழுதினார். அந்த நேரத்தில் டீச்சர் ஒருவர் அழுதேவிட்டார்.

"வங்கிக் கணக்கு இலக்கம் தாருங்கள், இப்போதே முற்பணம் போடுகிறோம்" என்றோம். "தேவையில்லை, வந்து பார்த்துக் காசைக் கையில் தாருங்கள்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று பேசிக்கொண்டோம். சனிக்கிழமைக்கு வேன் பிடித்து ஐயாயிரம் ரூபா முற்பணமும் கொடுத்தோம். போக மட்டும் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது அவரிடமிருந்து செய்தி. இடம் மாற்றும்போது மெஷின் விழுந்து உடைந்துவிட்டதாம், மன்னிக்கவேண்டுமாம். "பரவாயில்லை, உங்களுக்குத்தானே நட்டம்" என்று நாங்கள் அவருக்கு ஆறுதல் சொன்னோம்!

ஞாயிற்றுக்கிழமை அதே மெஷின் வேறொரு பக்கத்தில் நின்றது. மூடியில் அதே கீறல், அதே பச்சை ஸ்டிக்கர். விலை 145,000. கோல் எடுத்தோம், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினோம், எங்களைத் தடுத்துவிட்டார். வேன் முற்பணம் போனது போனதுதான். அதை ஆசிரியர்களாகிய நாங்கள் எங்கள் கையிலிருந்து போட்டுவிட்டோம்.

ஏலம் எங்களுக்குப் புதிதா? விடியற்காலையில் நம் கரைக்குப் போய்ப் பாருங்கள். தோணியில் இருந்து மீன் இறங்குகிறது. ஒருதரம், ரெண்டுதரம், மூன்றுதரம் என்று சொல்லி முடிந்தால் மீன் கேட்டவருடையது. பத்து நிமிடம் கழித்து ஒரு லொறிக்காரர் வந்து கூட விலை தருகிறேன் என்றாலும் தோணிக்காரர் அந்த மீனில் கை வைக்கமாட்டார். வைத்தால் நாளைக்கு அவருடைய மீனுக்கு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அங்கே எழுத்தும் இல்லை, கையொப்பமும் இல்லை. சுற்றி நிற்கும் நாற்பது பேரின் கண்தான் பத்திரம்.

நம் கடலின் முத்தும் அப்படித்தான் விலைபோனது. 1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்த பெரிய முத்துக்குளிப்பைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கரைக்கு வந்த சிப்பியை மூன்றாகப் பிரித்து, இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு சுழியோடிகளுக்கு. அரசாங்கத்தின் பங்கை ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று மாலையில் ஏலம் விட்டார்கள். வாங்குபவர் மூடிய சிப்பியைத்தான் வாங்கினார். உள்ளே முத்தா வெறும் சதையா என்று அழுகவைத்துக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும். முத்து நிறையக் கிடைத்துவிட்டது, திருப்பித் தா என்று விற்றவரும், ஒன்றும் இல்லை, காசைத் தா என்று வாங்கியவரும் வந்து நின்றால் அப்படி ஒரு ஏலம் இரண்டாம் மாலையைக் காணுமா?

இணையத்தில் அந்த நாற்பது பேர் இல்லை. ஆனால் சட்டம் இருக்கிறது.

அவுஸ்திரேலியாவில் ஒருவர் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விராவே விமானம் ஒன்றை ஈபேயில் ஏலத்துக்குப் போட்டார். 150,000 டொலருக்கு ஒருவர் கேட்டு, ஏலம் முடிந்தது. விற்றவருக்கோ வெளியில் ஒரு இலட்சம் டொலர் அதிகமாகத் தர ஆள் இருந்தது. தரமாட்டேன் என்றார். நியூ சவுத் வேல்ஸ் உயர் நீதிமன்றம் 2007இல், இணையத்தில் முடிந்தாலும் ஏலம் ஏலம்தான், விமானத்தைக் கொடு என்று தீர்ப்பளித்தது.

ஜேர்மனியில் ஒருவர் தன் பழைய காரை ஈபேயில் ஒரு யூரோ ஆரம்ப விலைக்குப் போட்டார். ஒருவர் விலை கேட்டும் விட்டார். அதற்கிடையில் வெளியில் 4,200 யூரோவுக்கு ஆள் கிடைக்க, இவர் ஏலத்தை இடையில் நிறுத்திவிட்டார். கார் 5,250 யூரோ பெறுமதி. அந்த ஒரு யூரோவைக் கழித்து 5,249 யூரோ நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில் சொன்னது. குறைந்த ஆரம்ப விலை வைத்தது நீதான், அதன் ஆபத்தும் உன்னுடையதுதான் என்பது தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டிலும் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, ஏலம் கூறுபவர் சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ முடிவை அறிவித்தவுடன் விற்பனை முடிந்தது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணு கொடுக்கல் வாங்கல் சட்டம், போனில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது என்கிறது. சட்டம் இப்படி இருந்தும், 118,500 ரூபா மெஷினுக்காகக் கொழும்பு நீதிமன்றத்துக்கு வழக்குப் பேசப் போகும் ஆசிரியர் யார்? அவரைப் போன்றவர்களுக்கு அதுதான் தைரியம்.

இவ்வளவும் எழுதி அவரைத் திட்டி முடித்திருந்தால் இந்தப் பதிவு சுலபமாக இருந்திருக்கும். ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதையும் சொல்லாவிட்டால் நாங்கள் ஆசிரியர்கள் அல்ல.

காசு போதாமல் இருந்ததால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஒரு பெற்றோர் பாடசாலைக்கென்று நல்ல கிடாய் ஒன்றைத் தந்தார். அதை ஊர் வட்ஸ்அப் குழுவில் ஏலம் விட்டோம். இரவு ஒன்பது மணிக்கு முடிவு. 46,000 ரூபாவுக்கு ஓட்டோ ஓடும் ஒரு தகப்பன் எடுத்தார். அண்ணன் தம்பிமார் சேர்ந்து குர்பானுக்கு எடுத்தார்களாம். "மாஷா அல்லாஹ், உங்களுக்கே" என்று நாங்களே எழுதினோம்.

மறுநாள் காலை ஒரு வியாபாரி எடுத்தார். "சேர், 65,000 தாறன், இப்பவே ஏத்துறன்."

இடைவேளையில் ஓய்வறையில் கூடினோம். பத்தொன்பதாயிரம் ரூபா வித்தியாசம். "நமக்கா கேட்கிறோம், பிள்ளைகளுக்குத்தானே?" என்றார் ஒருவர். மெஷின்காரர்மேல் எங்களிலேயே அதிகம் கோபப்பட்டவர்தான் அடுத்ததைச் சொன்னார்: "கிடாய்க்குக் காய்ச்சல் என்று சொல்லுவோம்."

சொல்லி முடித்ததும் அவரே தலையைக் குனிந்துகொண்டார். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. விழுந்து உடைந்த மெஷினும் காய்ச்சல் வந்த கிடாயும் ஒன்றுதான் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

மௌலவி சேர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். ஏலம் நம் மார்க்கத்தில் தடையில்லை. வறுமையில் வந்த ஓர் அன்ஸாரித் தோழரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே ஏலத்தில் இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக்கொடுத்த செய்தி இருக்கிறது. ஏலம் முடியும்வரை ஒருவர்மேல் ஒருவர் விலை கூட்டலாம். முடிந்த பிறகு இன்னொருவரின் வியாபாரத்தின்மேல் வியாபாரம் செய்யக்கூடாது. விற்பவரும் வாங்குபவரும் அந்த இடத்தைவிட்டுப் பிரியும்வரை இருவருக்கும் மனம் மாறும் உரிமை உண்டு. பிரிந்த பிறகு மனம் மாறினால் மற்றவரிடம் கேட்கவேண்டும். அவர் விட்டுக்கொடுத்தால் அவருக்கு அது பெரிய நன்மை.

"அப்படியென்றால் அந்தத் தகப்பனிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டுப் பார்ப்போமா?" என்றோம். "கேட்கலாம்" என்றார் மௌலவி சேர். "ஆனால் அவருடைய பிள்ளை நம் வகுப்பில் இருக்கிறது. இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? வராது என்றால் நாம் கேட்பது கேட்பதாகுமா?"

கிடாய் 46,000 ரூபாவுக்கே போனது. எல்லோருக்கும் முழு மனது இருந்தது என்று பொய் சொல்லமாட்டோம். அந்தப் பத்தொன்பதாயிரம் இன்றும் கணக்கில் குறைகிறது. அடுத்த தவணைக்கும் கொமியூனிகேஷன்தான். அந்த முடிவின் விலையை உங்கள் பிள்ளைகளும் கொடுக்கிறார்கள் என்பதால்தான் உங்களிடம் ஒளிக்காமல் எழுதுகிறோம். பிழை என்று நினைப்பவர்கள் நேரே வந்து கேளுங்கள்.

நம் ஊர்க் குழுக்களில் போன், மோட்டார் சைக்கிள், வலை, தோணி என்ஜின் எல்லாம் இப்போது இப்படித்தான் விற்கப்படுகின்றன. சில விடயங்களை வழக்கமாக்குவோம்:

1. இதற்குக் குறைந்தால் தரமாட்டேன் என்ற விலை இருந்தால் முதலிலேயே எழுதுங்கள். விலை போதாது என்று முடிந்த பிறகு சொல்லாதீர்கள்.

2. முடியும் நேரத்தை எழுதுங்கள். முடிந்ததும் யாருக்கு, என்ன விலைக்கு என்று குழுவிலேயே எழுதுங்கள். குழுவில் இருப்பவர்கள்தான் சாட்சி.

3. வாங்குபவர் அன்றே ஒரு சிறு முற்பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். அதற்குப் பற்றுச்சீட்டு இருக்கும், சட்டத்திலும் உங்கள் பக்கம் பலம் கூடும். எங்கள் பிழை இதுதான். அவர் வேண்டாம் என்றதும் விட்டுவிட்டோம். ஆனால் ஆளைத் தெரியாமல் முழுக் காசையும் போட்டுவிடாதீர்கள்.

4. பேச்சு முழுவதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். வியாபாரமாகச் செய்பவர் ஏமாற்றினால் பாவனையாளர் அதிகாரசபையின் 1977க்கு அழைக்கலாம். ஊருக்குள் பிரச்சினை என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது.

5. மனம் மாறினால் காரணம் தேடாதீர்கள். "கூட விலை வந்திருக்கிறது, விட்டுத் தருவீர்களா?" என்று நேரே கேளுங்கள். மாட்டேன் என்றால் சொன்ன விலைக்கே கொடுங்கள்.

மெஷின்காரரின் பெயரையும் இலக்கத்தையும் போடச் சொல்லிச் சிலர் கேட்டீர்கள். போடமாட்டோம். அவர் ஒரு வெள்ளிக்கிழமை செய்ததை நாங்களும் ஒரு காலையில் செய்யப் பார்த்தவர்கள். எங்களைத் தடுக்க ஒருவருக்கொருவர் இருந்தோம். அவருக்குப் பக்கத்தில் அன்று யாரும் இருக்கவில்லைபோலும்.

மெஷினை இனிக் கடையில், பற்றுச்சீட்டோடும் உத்தரவாதத்தோடும் வாங்குவோம், இன்ஷா அல்லாஹ். கணக்குப் புத்தகம் அலுவலகத்தில் இருக்கிறது. யாரும் எந்த நாளும் வந்து பார்க்கலாம். குறைவது இன்னும் கொஞ்சம்தான். முடிந்தவர்கள் கை கொடுங்கள், முடியாதவர்கள் துஆ செய்யுங்கள்.