கிரீஸ் அடைத்தது நான்தான்

1978 வைகாசியில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கார் மோதி ஒரு பட்டுப் பாவு அறுந்தது. டிரைவர் தூங்கிவிட்டார் என்று தெரு முழுக்கப் பேச்சு. கார் முதலாளி நஷ்டத்தை அவர் சம்பளத்தில் பிடித்தார். அவர் தூங்கவில்லை. தப்பு என்னுடையது. இன்றுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் பழைய கிரைஸ்லர் அது, முப்பதுகளின் கடைசியில் வந்த பிளஷர் கார். ஸ்டியரிங்கில் மூன்று விரற்கடை ஆட்டம். "சரி பண்ணிக் குடு தம்பி" என்று டிரைவர் என் ஷெட்டில் விட்டுப் போனார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

ஸ்டியரிங் பாக்ஸுக்குள் மரைத் தண்டு மாதிரி ஒரு வார்ம், அதன் பள்ளத்தில் உருளும் ஒரு ரோலர், அவ்வளவுதான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்துக்குப் போகும் ராடைக் கழற்றி, ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொண்டு, ஆட்டம் போகிற அளவுக்கு மட்டும் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். நான் ராடைக் கழற்றவில்லை. சோம்பல், வேறு காரணம் இல்லை. கழற்றாவிட்டால் டயரின் பாரம் எது, பாக்ஸின் இறுக்கம் எது என்று கைக்குப் பிரிந்து தெரியாது. துளி ஆட்டமும் இல்லாமல் இறுக்கினேன். சீல் ஒழுகியதால் 140 ஆயிலுக்குப் பதில் கிரீஸை அடைத்தேன். ஆயில் வழிந்தோடி வந்து வார்மை மறுபடி நனைக்கும். கிரீஸ் அப்படியில்லை. வார்ம் அதை ஒருமுறை ஒதுக்கிவிட்டால் ஒதுங்கிய இடத்திலேயே நிற்கும்; பல் காய்ந்துபோகும்.

இறுக்கினால்தான் வண்டி அடங்கும் என்பது சின்ன வயதிலேயே மனதில் விழுந்த எண்ணம். வரதராஜப் பெருமாள் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுத்து, அந்த உராய்விலேயே திருப்புவார்கள். தேரடியில் நின்று அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். காருக்கு அது நேர் எதிர் என்று யோசிக்கவில்லை. ஆரம்பகாலப் பெரிய கார்கள் பலவற்றில் வார்மும் நட்டும் ஒன்றோடொன்று தேய்ந்தபடியே திரும்பின. கை கொடுத்த பலத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். சாலையின் உதை கைக்கு வராது என்பது ஒரு சௌகரியம்; ஆனால் திருப்பிய சக்கரமும் தானாக நேராகாது. 1920களில் காற்றழுத்தம் குறைவான பருமன் டயர் வந்ததும் பாரம் இன்னும் கூடியது. ஹென்றி மார்ல்ஸ் தேய்கிற இடத்தில் உருளுகிற ரோலரை வைத்தார். பிரான்சிஸ் டேவிஸ் 1926இல் பியர்ஸ்-ஆரோ காரில் எண்ணெய் அழுத்தத்தைத் துணைக்கு வைத்தார். 1940இல் காடிலாக்கில் வார்முக்கும் நட்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் ஓடின. அவர்கள் பாடுபட்டுக் குறைத்த பாரத்தை ஒரே மத்தியானத்தில் நான் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் டிரைவர் வந்தார். "தம்பி, ஒடிச்சா வீல் திரும்பி வரமாட்டேங்குது. தோளெல்லாம் கடுக்குது."

"புதுசா டைட் பண்ணியிருக்கு அண்ணே, ஓட ஓட சரியாயிடும். உங்களுக்கும் வயசாகுதில்ல" என்றேன். அந்தக் கடைசி வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் விடியலில் தெரு முனையில் திரும்பினார். எப்போதும்போல ஸ்டியரிங்கைக் கைக்குள் நழுவ விட்டிருக்கிறார். அது நேராகவில்லை. கஞ்சி போட்டு உலர விரித்திருந்த, மூன்று புடவைக்கான பாவுக்குள் பம்பர் போய்விட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை. நான் போனபோது ஒரு வயதான அம்மா தரையில் உட்கார்ந்து அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிந்துகொண்டிருந்தார். டிரைவர் ஓரமாக நின்றார். நானும் கூட்டத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரி பாக்ஸைத் திறந்து, மண்ணெண்ணெயில் கழுவி, ராடைக் கழற்றி, ஸ்க்ரூவைத் தளர்த்தி, புது சீல் போட்டு ஆயில் ஊற்றினேன். காலையில் அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "இப்போ பூ மாதிரி வருது தம்பி. உன் கையில வித்தை இருக்கு" என்று ஐந்து ரூபாய் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.