காரில் மூன்றாவது காது



"ஐயா, உங்க போன்ல கூகுளே இல்லையாமே, அப்புறம் கார் ஓட்டும்போது வாயால பேர் சொல்லி எப்படி போன் பண்றீங்க?" என்று என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் கேட்டிருந்தார். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் கொடுத்த போன் கூகுளின் பிக்ஸல்தான். ஆனால் அதில் இருந்ததை எடுத்துவிட்டு கிராஃபீன் ஓஎஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டிருக்கிறான். அதுவும் ஆண்ட்ராய்டு வகையே. கூகுள் செயலிகள் அதில் தாமாக வராது. நாம் போட்டுக்கொண்டாலும் மற்றச் செயலிகளைப் போல, நாம் கொடுத்த அனுமதிக்குள் அடங்கி இருக்க வேண்டும். வகுப்புத் தலைவனுக்கும் அதே பெஞ்சுதான்!

துணைவியாரின் சிறுநீரகச் சிகிச்சைக்காக மாதம் இருமுறை வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் போகிறோம். (விசாரித்த அனைவருக்கும் நன்றி. இப்போது தேவலாம்.) லாரியும் கரும்பு டிராக்டருமாக இருக்கும் பாதை. போனைக் கையில் எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு அதை ஆபத்தான ஓட்டுதல் என்றே சொல்கிறது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

அதனால் குரல்தான் வழி. இந்தப் போனிலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ போடலாம். ஆனால் குரல் கட்டளை வேண்டுமென்றால் கூகுள் செயலிக்கு மைக் அனுமதி தர வேண்டும். அங்கேதான் நான் நின்றேன். 2019 ஜூலையில் பெல்ஜியத்தின் விஆர்டி, கூகுள் உதவியாளரின் ஒலிப்பதிவுகளை ஒப்பந்தப் பணியாளர்கள் கேட்கிறார்கள் என்று வெளியிட்டது. அவர்கள் கேட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகளில் 153, யாரும் கூப்பிடாமலே பதிவானவை. அதே மாதம் ஆப்பிளின் சிரியைப் பற்றிக் கார்டியன் நாளிதழ் எழுதியது. மருத்துவ விஷயங்கள்கூட அந்தப் பதிவுகளில் இருந்தனவாம்.

எங்கள் காரில் என்ன பேச்சு? கிரியேட்டினின் எவ்வளவு, அடுத்த மாதச் செலவுக்கு என்ன செய்வது, அவருடைய பயம். அதைக் கேட்க மூன்றாவது காது வேண்டாம்.

"மறைக்க என்ன இருக்கு மாமா?" என்கிறார் மாப்பிள்ளை. மறைப்பது வேறு, நம்மோடு வைத்துக்கொள்வது வேறு. ஆதாரை எதிர்த்து 2012இல் வழக்குப் போட்டபோது ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமிக்கு வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 86 வயதில் அவருக்கு மட்டும் மறைக்க என்ன இருந்திருக்கும்?

சரி, கேள்விக்கு வருகிறேன். எங்கள் பழைய காரின் திரையிலேயே ஒரு குரல் வசதி உண்டு. இணைய இணைப்பு கிடையாது. ப்ளூடூத் வழியாக எண்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஸ்டியரிங் பொத்தானை அழுத்திப் பெயர் சொன்னால் போன் போடும். தமிழ் தெரியாது. ஆகவே 'டாக்டர்', 'சன்', 'மெக்கானிக்' என்று சேமித்திருக்கிறேன். நாற்பது வருடம் 'ழ' சொல்லிக் கொடுத்தவனுக்கு இந்தக் கதி! வழிக்கு ஆர்கானிக் மேப்ஸ். வரைபடத்தை முன்பே இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். போக்குவரத்து நெரிசலை மட்டும் காட்டாது.

ஒன்று கவனியுங்கள். காரும் நம் எண்களை நினைவில் வைத்திருக்கும். விற்கும் முன் அழித்துவிடுங்கள். வாடகைக் காரில் ப்ளூடூத் இணைக்கும்போது 'தொடர்புகளைப் பகிரவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இந்த வசதி இல்லாத கார் என்றால்? தயங்காமல் மைக் அனுமதி கொடுங்கள், இறங்கியதும் எடுத்துவிடுங்கள். அந்தரங்கத்துக்காக ஓடும் வண்டியில் போனைத் தடவுவது பைத்தியக்காரத்தனம்.

நானாக விரும்பிக் குரல் கொடுக்கும் இடமும் ஒன்று இருக்கிறது. மொசில்லாவின் காமன் வாய்ஸ். வாக்கியங்களைத் தமிழில் வாசித்துப் பதிவுசெய்தால் யார் வேண்டுமானாலும் அதை வைத்துக் குரல் கருவி செய்யலாம். நம் முந்திரிக்காட்டுத் தமிழும் அதில் ஏறட்டும். வாசிக்க விரும்புபவர்கள் கருத்துப் பெட்டியில் பெயர் கொடுங்கள், எந்த ஆண்டு படித்தீர்கள் என்பதையும் சேர்த்து.