என் பெற்றோரின் கோடை விடுமுறை

கோடை விடுமுறை என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என்று எங்கள் தோணிரேவில் எல்லாரும் எண்ணுகிறார்கள். பெரியவர்களுக்கு விடுமுறை கிடையாது. பழவேற்காடு ஏரியில் தண்ணீர் இருக்கும் வரை வலைக்கு வேலை உண்டு. ஆகவே 2024ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் என் அப்பாவும் அம்மாவும், திருமணமாகிப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், முதன்முறையாக இருவர் மட்டும் வெளியூர் புறப்பட்டபோது தெருவே வேடிக்கை பார்த்தது. “இன்னா, இப்பத்தான் தேன்நிலவா?” என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார்.

அவர்கள் சென்ற ஊர் விசாகப்பட்டினம். அங்கே மீன்பிடித் துறைமுகத்தின் அருகில் ஓர் ஐஸ் ஆலையில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வேலை பார்க்கிறார். நானும் தம்பியும் ஆயாவுடன் வீட்டில் இருந்தோம். எனவே, அன்புத் தோழியரே, நான் இங்கு எழுதுவது கண்ணால் கண்டதன்று; அவர்கள் திரும்பி வந்தபின் பல இரவுகள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டது. அப்பா சொன்னதை அம்மா மறுப்பார். அம்மா சொன்னதை அப்பா திருத்துவார். இருவரும் ஒத்துக்கொண்டவற்றையே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன்.

சுற்றுலா என்று பெயர் இருந்தாலும் அதற்குள் ஒரு கேள்வி இருந்தது. எங்கள் ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரம் அடிக்கடி மணலால் தூர்ந்துபோகிறது. அது திறந்திருந்தால்தான் கடல்நீரும், அதனுடன் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வரும். அடைபட்டால் கோடையில் நீர் வற்றி உப்பு ஏறிவிடும். வலை வெறுமையாக வரும். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்கத் தமிழக அரசு 26.85 கோடி ரூபாயில் ஒரு திட்டம் வகுத்தது. திட்டம் பெரியதுதான், ஆனால் அடுப்பு தினமும் எரிய வேண்டுமே! “மாமா, குடும்பத்தோட இங்கயே வந்துடுங்க. ஐஸ் ஆலையில மாசச் சம்பளம் வாங்கித் தரேன். மொதல்ல நீங்களும் அக்காவும் வந்து ஊரப் பாருங்க” என்று சொல்லி, மாமா டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டார். போவதென்று முடிவானால் நான் நம் பள்ளியை விட வேண்டும். பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது. பதினோராம் வகுப்புக்கான விண்ணப்பம் எழுதப்படாமல் அலமாரியில் கிடந்தது.

பொன்னேரியிலிருந்து சென்னைக்குப் போய் ரயில் ஏறினார்கள். அந்த ரயில் வந்த வழியே திரும்பி, பொன்னேரியில் நிற்காமல் பறந்தது. “நம்ம ஊரே நம்மள விட்டுட்டுப் போவுது பாரு” என்று அம்மா சிரித்தாராம். அதன்பின் இரவு முழுவதும் பயணம். ஏறத்தாழ 780 கிலோமீட்டர்.

விசாகப்பட்டினத்தில் அப்பாவை வியக்க வைத்தது கடலன்று, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் மலை. அதன் பெயரே டால்பின் மூக்கு. 350 மீட்டருக்கும் மேல் உயரம்; உச்சியில் கலங்கரை விளக்கம். அதன் காலடியில்தான் கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழைகின்றன. “நம்ம ஏரிவாயில இப்படி ஒரு மலை இருந்திருந்தா மணல் வந்து அடைக்குமா?” என்றார் அப்பா. எதைப் பார்த்தாலும் அவருக்கு முகத்துவாரம்தான் நினைவு! துறைமுகத்தை ஒட்டி மூன்று குன்றுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ராஸ் குன்றில் மாதா கோயில், அடுத்ததில் தர்கா, மற்றொன்றில் வெங்கடேசுவரர் கோயில். அம்மா மூன்றுக்கும் ஏறினார். அப்பா ஒன்றில் ஏறிவிட்டு, மற்ற இரண்டுக்கும் கீழே நின்று செருப்புகளைக் காவல் காத்தார்.

கடற்கரையில் குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1969இல் கடற்படையில் சேர்ந்து, 2001இல் ஓய்வு பெற்று, 2002இல் அருங்காட்சியகமாயிற்று. 91 மீட்டர் நீளமுள்ள அந்த இரும்புக் குழாய்க்குள் எழுபத்தைந்து பேர் வாழ்ந்தார்களாம். அம்மா பார்த்தது அதன் சமையலறையை மட்டுமே. “நம்ம வீட்டு அடுப்படியில பாதிகூட இல்ல. அதுல எழுபத்தஞ்சு பேருக்கு எவன் ஆக்கிப் போட்டானோ, அவனுக்குத்தான் பதக்கம் குடுக்கணும்” என்று இன்றுவரை சொல்கிறார்.

மீன்பிடித் துறைமுகத்தில் அப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், கிழக்குக் கரை முழுவதும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. வரிசை வரிசையாகப் படகுகள் கட்டிக் கிடந்தன. 2023 நவம்பரில் அங்கே ஏற்பட்ட தீயில் பல படகுகள் எரிந்து போயின. அந்த இடத்தையும் மாமா காட்டினார். அப்பா ஐஸ் ஆலையை உள்ளே சென்று பார்த்தார். வேலை கடினமில்லை, சம்பளம் நியாயமானது என்று அவருக்குத் தோன்றியது.

அம்மா பார்த்தது வேறு. மாமா வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஸ்ரீகாகுளத்துக்காரப் பெண் ஒருவர் இருந்தார். “ஏ ஊரு?” என்று அவர் கேட்க, அம்மா “தோணிரேவு” என்றார். அந்த அம்மாளுக்கு ஒரே மகிழ்ச்சி! தெலுங்கில் ரேவு என்றால் படகுத்துறை. தோணியும் அங்கே ‘தோனி’தான். அம்மாவுக்குச் சந்தைத் தெலுங்கு வரும். இருவரும் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டே பேசினார்கள். அப்பெண்ணின் கணவர் எங்கே? குஜராத்தில், வேராவல் துறைமுகத்தில். ஸ்ரீகாகுளம் பக்கத்து மீனவர்கள் பலர் ஆண்டுதோறும் அங்கே கூலிக்குப் படகேறப் போகிறார்கள். 2018இல் அப்படிப் போனவர்கள் பாகிஸ்தானிடம் சிக்கினர். அவர்களில் இருபது பேர் 2020 ஜனவரியில்தான் விடுதலையாகி வாகா எல்லை வழியாகத் திரும்பினார்கள். இதைக் கேட்ட இரவு அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. “நாம இவங்க ஊருக்கு வரலாமான்னு பாக்க வந்திருக்கோம். இவங்க ஊரு ஆம்பளைங்க பாதி நாட்டத் தாண்டிப் போறாங்க” என்று அப்பாவிடம் சொன்னாராம். அப்பா பதில் சொல்லவில்லை. தூங்கிவிட்டதாக அவர் சொல்கிறார்; தூங்கவில்லை என்று அம்மா சொல்கிறார்.

மறுநாள் விடியற்காலை, மலைக்குச் செல்லும் கிரந்துல் ரயில். இரும்புத்தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1960களில் அமைத்த பாதை அது. முழுப் பாதையில் 58 சுரங்கங்கள் உண்டு. இவர்கள் அரக்கு வரைதான் போனார்கள். அம்மா விரல் விட்டு எண்ணத் தொடங்கி, இருபதுக்கு மேல் கணக்கை விட்டுவிட்டார். அப்பா எண்ணியது வேறு. ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையிலும் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும் அல்லவா? சிமிலிகுடா என்ற ஸ்டேஷனில் 996 மீட்டர்! பிறந்தது முதல் கடல்மட்டத்திலேயே வாழ்ந்த மனிதர், கதவோரம் நின்று அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். வீட்டுக்கு வந்தபின் எங்கள் காலண்டரின் ஓரத்தில் 996 என்று எழுதி வைத்திருக்கிறார்.

அரக்குப் பள்ளத்தாக்கில் மே மாதத்திலும் காலையில் போர்வை வேண்டியிருந்தது. உயர்ந்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்க, அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள். பெரும்பாலும் பழங்குடி மக்களின் தோட்டங்கள். மூங்கிலுக்குள் கோழிக்கறியை அடைத்து நெருப்பில் சுட்டுத் தந்தார்கள். அப்பா புகழ்ந்தார்; அம்மா உப்புப் போதாது என்றார். அங்கே ஒரு சந்தையில் புளி, மஞ்சள், மூங்கில் கூடைகளுக்கு நடுவில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். சரியாகக் காயாத சரக்கு. விலையோ கடற்கரையில் கேட்டதைப் போல் இரண்டு மடங்கு! வாங்கப் போவதில்லை என்றாலும் கால்மணி நேரம் பேரம் பேசினார்.

அரக்குவிலிருந்து இறங்கும் வழியில் போரா குகைகள். சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் காலங்காலமாகக் கரைத்து உண்டாக்கியவை. கூரையிலிருந்து ஆலம் விழுதுகளைப் போலக் கல் தொங்குகிறது. அங்கே பாயும் ஆற்றுக்குக் கோஸ்தனி என்று பெயர். பசுவின் மடி என்று பொருளாம். அப்பா தண்ணீரில் கால் நனைத்தார். நல்ல குளிர். “இது எங்க போய்ச் சேருது?” என்று கேட்டார். பீமிலியில் கடலில் கலக்கிறது என்று மாமா சொன்னார். அவ்வளவுதான், பீமிலிக்குப் போயே தீர வேண்டும் என்று பிடிவாதம். கைலாசகிரிக்குப் போக இருந்த நாள் பீமிலிக்குப் போயிற்று. அம்மாவுக்கு அதில் இன்னும் சிறு வருத்தமுண்டு.

பீமிலி எனப்படும் பீமுனிப்பட்டினம், நகரத்திலிருந்து கடலோரமாகவே செல்லும் சாலையில் உள்ளது. அங்கே டச்சுக்காரரின் பழைய கல்லறைத் தோட்டத்தைக் கண்டதும் அப்பாவுக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. நம் பழவேற்காட்டிலும் டச்சுக் கல்லறைகள் உள்ளனவே. நுழைவாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய அந்தத் தோட்டத்தில் 76 கல்லறைகள்! 1613இல் கட்டிய ஜெல்திரியா கோட்டையோடு, 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடமாக இருந்தது நம் ஊர்தான். பிறகு 1825இல் பழவேற்காடு, பீமிலி இரண்டுமே ஆங்கிலேயர் கைக்கு வந்தன. “இது கிளை ஆபீசு. ஹெட் ஆபீசு எங்க ஊர்ல” என்று அப்பா மாமாவிடம் சொன்னார். கோட்டையில் இன்று முள்செடிதான் மிச்சம் என்பதை அவர் சொல்லவில்லை.

ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கும் போனார்கள். மலையில் கால் நனைத்த அதே ஆறு, மே மாத வெயிலில் மெலிந்து, மணலுக்கு நடுவில் நகர்ந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். “நம்ம ஏரித் தண்ணி மாதிரியே இருக்குது” என்றார். வெகுநேரம் அங்கேயே நின்றார் என்று அம்மா சொல்கிறார்.

திரும்பும் ரயிலில்தான் பேச்சு வந்தது. “தம்பி நல்ல மனசோட கூப்புட்டான். வேலையும் நல்ல வேலைதான்” என்று தொடங்கினார் அம்மா. “ஆனா பொண்ணு இனிமேட்டுத் தெலுங்கு எழுதக் கத்துக்கிட்டுப் பரீட்சை எழுதணும். உங்க அம்மா அந்த வீட்ட விட்டு வருவாங்களா? நீங்க வலையத் தொடாம இருப்பீங்களா?” அப்பா நெல்லூர் வரை ஒன்றும் பேசவில்லை. கூடூர் தாண்டியதும், “ரெண்டு வருசம் பாப்போம். அது பிளஸ் டூ முடிக்கட்டும்” என்றார். மாமாவிடம் போனில் சொன்னபோது அவருக்குச் சற்று மனவருத்தம். சரி, வேலைக்கு வேறு ஆளைச் சொல்லிவிட்டேன் என்று மறுவாரம் அவரே கூப்பிட்டார்.

வந்த மறுநாள் விண்ணப்பத்தை அப்பாவே எழுதினார். வீட்டு வாடகை முன்பணத்துக்கென்று சேர்த்த தொகையில் அம்மா ஒரு தராசும், கருவாடு உலர்த்த நான்கு வலைத்தட்டுகளும் வாங்கினார். மணலில் போடாமல் தட்டில் காய வைத்துப் பொட்டலமாகக் கட்டி, சனிக்கிழமைதோறும் பொன்னேரிக்குக் கொண்டு செல்கிறார். அரக்கு விலை இங்கே கிடைப்பதில்லை. முகத்துவாரம் அடைபட்ட மாதங்களில் காய வைக்க மீனும் போதுவதில்லை. அரக்குவிலிருந்து வந்த காப்பித்தூளை ஆயா ஒரு வாய் குடித்துப் பார்த்து, கசக்கிறது என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். மீதித்தூள் அப்படியே இருக்கிறது. மாமா பொங்கலுக்கு வந்தால் அவருக்குத்தான் போட்டுக் கொடுக்க வேண்டும்.