இணைப்பு யாருக்கு உரியது?
ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக டிசிபி இணைப்பை ஏற்படுத்தி, டிஎல்எஸ் என்னும் மறையாக்க ஏற்பாட்டையும் முடிப்பது நேரத்தை விழுங்கும் என்பதால், லிப்கர்ல் என்னும் மென்பொருள் நூலகம் வேலை முடிந்த இணைப்புகளை மூடாமல் வைத்திருந்து, அதே சர்வருக்கு அடுத்த கோரிக்கை வரும்போது எடுத்துக் கொடுக்கிறது. சிக்கல், எந்த இணைப்பு எந்தக் கோரிக்கைக்குப் பொருந்தும் என்று முடிவுசெய்வதில்தான் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் என்டிஎல்எம் என்னும் அடையாளச் சரிபார்ப்பு முறை, தனித்தனிக் கோரிக்கைகளை அல்லாமல் இணைப்பையே ஒரு பயனருக்கு உரியதாக்கிவிடுகிறது. ஆகவே சர்வரின் பெயரையும் போர்ட் எண்ணையும் ஒப்பிட்டுவிட்டு, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒப்பிடாமல் விட்டால், ஒருவருடைய கோரிக்கை மற்றொருவருடைய உரிமையோடு போய்ச் சேரும். 2014 ஜனவரியில் 7.35.0 பதிப்பில் இவ்வகைப் பிழை ஒன்று திருத்தப்பட்ட பின்னரும், ப்ராக்ஸி வழியாகச் செல்லும் இணைப்புகளில் இதே ஓட்டை எஞ்சியிருந்து, 2016 ஜனவரியில் 7.47.0 பதிப்பில்தான் அடைபட்டது. ஒரே பயனரை வைத்து ஓட்டும் சோதனைகளில் இப்பிழை தலைகாட்டாது. இரு பயனர்களின் பெயரில் மாறிமாறிக் கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் சோதனையே இதைப் பிடிக்கும்.