நீலத் திரையில் பத்து நொடிகள்

மகளின் லினக்ஸ் கணினியில், முதல் நாள் நான் நிறுவிக்கொடுத்த வரைகலை அட்டையின் டிரைவர் ஏறவில்லை. முப்பரிமாண வரைபடத்தை விடிந்தால் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். "எதையாவது மாற்றியிருப்பாய்" என்று கடிந்துகொண்டேன். அவள் பதிலின்றி மஃரிப் தொழ எழுந்து சென்றாள்.

இருமுறை நீக்கி, மீண்டும் நிறுவினேன். நம்மில் பலரும் முதலில் செய்வது அதைத்தானே! பயனில்லை. மோட்புரோப் கட்டளையைக் கைப்பட இட்ட பிறகே காரணம் தெரிந்தது: சாவி நிராகரிக்கப்பட்டது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில், பதிவுபெறாத சாவியால் கையொப்பமிட்ட மாட்யூலைக் கர்னல் ஏற்பதில்லை. பதிவுக்காக, மறுதொடக்கத்தின்போது நீலத் திரையொன்று பத்து நொடிகள் காத்திருக்கும். முதல் நாள் அது வந்தபோது, இஷா ஜமாஅத்துக்கு நேரமாகிறதென்று படிக்காமலே கடந்து சென்றவன் நான்.

மோக்யூட்டில் கட்டளையால் மீண்டும் கோரி, இம்முறை பொறுமையாகப் பதிவுசெய்தேன். டிரைவர் ஏறியது.

"தவறு என்னுடையதம்மா" என்றேன்.

"வரைபடம் திறக்கிறதா, வாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.